மூன்று வீட்டு மருந்தும் முறிந்த பத்தியமும்

ஐம்பதுகளின் கடைசியில், துணுக்காய்ப் பக்கம் ஒரு குளத்துக்குக் கீழே, புதிதாகக் காடு வெட்டித் திருத்திய காணியில் நாங்கள் குடியிருந்த முதல் மாரியில் நடந்தது இது. எனக்குக் கலியாணமாகி ஒரு வருஷம்கூட நிரம்பவில்லை. இன்றைக்கு மல்லாவிச் சந்தியில் இறங்கி ஒரு சோடா வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறவர்களுக்கு அந்தக் காலத்து மாரியைச் சொல்லி விளங்கப்படுத்துவது கொஞ்சம் கஷ்டம்தான். என்றாலும் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் யாழ்ப்பாணத்தில் ஓர் ஒழுங்கைக்குள் பிறந்து வளர்ந்தவள். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து யாராவது "நூறு" என்று சொல்லுவார்கள். காலையில் கோயில் மணி, பிறகு மீன்காரரின் கூவல், பிறகு பள்ளிக்கூடப் பிள்ளைகள், பின்னேரம் கிணற்றடியில் பெண்களின் ஊர்க்கதை என்று காது ஓய்ந்திருக்கும் நேரமே இல்லை. அப்படிப்பட்டவளைக் கொண்டுவந்து, அடுத்த வீட்டுக்குப் போவதென்றால் வயல் வரம்பால் வழுக்கி வழுக்கி நடக்கவேண்டிய இடத்தில் விட்டால் எப்படி இருக்கும்? கோடையில் வந்ததால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. வீடு மெழுகுவது, வேலி அடைப்பது, மிளகாய்க் கன்று வைப்பது என்று உடம்பு களைத்துப் படுத்தால் நித்திரை தானாக வந்துவிடும். மாரி தொடங்கிய பிறகுதான் வினை பிடித்தது.

வன்னியில் மழை பெய்கிறது என்று சொல்லக்கூடாது, மழை குடியிருக்கிறது என்றுதான் சொல்லவேண்டும். நாட்கணக்கில் வெயிலைக் காணமுடியாது. உடுப்புக் காயாது, விறகு பற்றாது, உப்புக்கூடச் சட்டிக்குள் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும். காதுக்குள் ரீங்கரிக்கிற நுளம்பும் அட்டையும் தவிர வேறு விருந்தாளி இல்லை. என் வீட்டுக்காரர் விடிந்ததும் வயலுக்குப் போய்விடுவார். இருட்டினால் பன்றிக்கும் யானைக்கும் காவல் இருக்கப் போவார். நான் குசினிக்குள் அடுப்புக்கு முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருப்பேன். கூரையில் மழை விழும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, கடைசியில் அதுவும் கேட்காமல் போய்விடும்.

எனக்கு என்ன வந்தது என்று எனக்கே தெரியவில்லை. காய்ச்சல் இல்லை, தடிமன் இல்லை. தலைமயிரைப் பாதி வாரிவிட்டு மீதியை வாராமல் அப்படியே இருப்பேன். சோறு அடிப்பிடித்து மணக்கும், எழும்பி இறக்க மனம் வராது. காரணமில்லாமல் கண்ணீர் வரும், காரணத்தைத் தேடினால் அது நின்றுவிடும், தேடுவதை விட்டால் திரும்ப வரும். இன்றைக்கு இதற்கு டொக்டர்மார் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அன்றைக்கு எங்களிடம் இருந்தது ஒரே ஒரு சொல். "யோசினை" என்பார்கள். "பிள்ளைக்கு யோசினை பிடிச்சிட்டுது" என்றால் எல்லாருக்கும் விளங்கும்.

என் வீட்டுக்காரரைப் பற்றி இரண்டு சொல் சொல்லவேண்டும். அவர் ஊரில் மற்றவர்களுடைய புகையிலைத் தோட்டங்களில் தண்ணீர் இறைத்து வளர்ந்தவர். சொந்தமாக ஒரு பிடி மண் இருந்ததில்லை. குடியேற்றத் திட்டத்தில் இந்தக் காணி கிடைத்தபோது அவர் செய்த முதல் வேலை, செருப்பைக் கழற்றிவிட்டு அதன் நாலு மூலைக்கும் நடந்து போய்வந்ததுதான். ஆனால் காணி தந்தவர்களின் நிபந்தனை, குடும்பமாக வந்து அங்கேயே குடியிருக்கவேண்டும் என்பது. பெண்சாதியை ஊரில் விட்டுவிட்டுத் தனிய நின்று விதைக்க விடமாட்டார்கள். ஆகவே நான் அங்கே இருந்தால்தான் அவருக்கு அந்த மண். இது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தபடியால்தான் வாயைத் திறந்து "என்னால் ஏலாது" என்று சொல்லாமல் இருந்தேன்.

முதலில் கண்டுபிடித்தவர் பக்கத்துக் காணி அக்கா. வடமராட்சிப் பக்கத்து ஆள், எங்களுக்கு ஒரு வருஷம் முந்தியே வந்து குடியேறியவர். ஒரு பட்டாளம் கோழி வளர்த்தார். அவர் சிரித்தால் மூன்று வயல் தாண்டிக் கேட்கும், கோழிகளைப் பேசினால் நாலு வயல் தாண்டிக் கேட்கும். எங்கள் பக்கத்தில் ஒரு கலகலப்பு இருந்ததென்றால் அது அவர்தான். ஒருநாள் முட்டை கொண்டுவந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அடுத்த நாள் காலையில் வாய்க்கால் கரையில் படர்ந்து கிடக்கும் வல்லாரையைப் பிடுங்கி, இடித்துச் சாறெடுத்து, மழையில் நனைந்துகொண்டு மூக்குப்பேணிக் குவளையில் கொண்டுவந்தார். வெறும் வயிற்றில் பாலோடு குடிக்கவேண்டும், தலைக்கு எண்ணெய் வைத்து நாளும் முழுகவேண்டும். பத்தியம்: புளியும் உறைப்பும் ஆகாது. பத்தியம் தப்பினால் மருந்து முறிந்து, உள்ளதையும் கெடுத்துவிடுமாம்.

இரண்டாவதாக வந்தவர் வாத்தியாரம்மா. பள்ளிக்கூடம் என்று ஒரு கொட்டில் இருந்தது. அதில் படிப்பித்தவரின் மனைவி இவர். தீவுப் பகுதி. சேறும் சகதியுமான அந்த இடத்தில் கஞ்சி போட்ட சேலையோடு திரிந்த ஒரே ஆள். யாரையும் "நீர்" என்றுதான் கதைப்பார். என்னைப் பார்த்ததும், தலைக்குள் குளிர் இறங்கிவிட்டது என்று தீர்ப்புச் சொன்னார். வேர்க்கொம்பு என்கிற சுக்கு, கொத்தமல்லி, மிளகு, திப்பிலி, துளசி எல்லாம் போட்டு அவித்த குடிநீர் மத்தியானத்தில் வந்தது. குடித்தால் காதால் புகை வரும். பத்தியம்: குளிர்ச்சியானது ஒன்றும் கூடாது. பால், தயிர், கீரை, பூசணிக்காய், வெண்டிக்காய் கூடாது. பருப்பு வாய்வு, அதுவும் கூடாது. முழுகவே கூடாது.

மூன்றாவது, சந்தியில் கடை வைத்திருந்தவரின் மனைவி. முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் குடும்பம். அவர்கள் வீடுகளில் அக்காவை அழைப்பதுபோல நானும் அவரை ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். அதிகம் பேசாத மனுசி. அரிசி வாங்கப் போன இடத்தில், சில்லறையைத் தருவதுபோல ஒரு சிறு போத்தலை என் கைக்குள் வைத்தார். கருஞ்சீரகத்தை வறுத்துப் பொடித்துக் காட்டுத்தேனில் குழைத்தது. படுக்கும்போது ஒரு விரல் தொட்டு நக்கவேண்டும். பத்தியம்: கிரந்திச் சாமான், அதாவது உடம்பில் கடி கிளப்புகிற சாப்பாடு ஒன்றும் தொடக்கூடாது. கத்தரிக்காய், கருவாடு, முட்டை, இறால், நண்டு.

ஊரில் என்றால் யார் வீட்டில் தண்ணீர் குடிக்கலாம், யார் வீட்டில் குடிக்கக்கூடாது என்று ஆயிரம் கணக்குப் பார்ப்பார்கள். காட்டுக்குள் வந்த பிறகு அதெல்லாம் மழையில் ஊறிக் கொஞ்சம் இளகிப்போயிருந்தது. ஆனால் மனிதர்கள் இளகவில்லை. கோழி அக்காவுக்கு வாத்தியாரம்மாவைக் கண்டால் பிடிக்காது, "உவவுக்குப் பெரிய எடுப்பு" என்பார். வாத்தியாரம்மாவுக்கு அக்காவின் சத்தம் ஆகாது. ராத்தா இருவரோடும் கடை முகப்பில் கதைப்பதோடு சரி. ஆகவே ஒருவர் மருந்து தருவது மற்றவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? மழைக்குள் வரம்பால் வழுக்கி விழுந்து எழும்பி, பேணியை வாழையிலையால் மூடிக் கொண்டுவந்து தருகிறார்கள். "வேண்டாம், இன்னொருவர் தந்துவிட்டார்" என்று சொன்னால் மனம் நோகாதா?

ஆகவே நான் செய்த கெட்டித்தனம் என்னவென்றால், மூன்றையும் குடித்தேன். மூன்று பத்தியத்தையும் காத்தேன்.

சிரிக்காதீர்கள். பத்தியம் என்றால் எங்கள் ஆட்களுக்கு அது சாமிக்கு நேர்ந்தது மாதிரி. மருந்து தந்தவரை ஏமாற்றலாம், பத்தியத்தை ஏமாற்ற முடியாது என்பது தாய்ப்பாலோடு வந்த பயம். வல்லாரைக்குப் பால் வேண்டும், குடிநீருக்குப் பால் ஆகாது. ஆகவே வல்லாரையைத் தண்ணீரில் குடித்தேன். ஒருவர் முழுகு என்றார், மற்றவர் முழுகாதே என்றார். ஒருநாள் விட்டு ஒருநாள் முழுகினேன். தேங்காய்ப்பாலும் ஒருவகைப் பால்தானே என்று யோசித்துச் சொதியையும் விட்டேன். கடைசியில் என் தட்டில் மிஞ்சியது சோறும் உப்பும் சுட்ட அப்பளமும். வீட்டுக்காரருக்குத் தனியாகக் கறி சமைத்துக் கொடுப்பேன். அவர் சாப்பிட்டுப் போன பிறகு நான் சோற்றுக்குள் சுடுதண்ணீரை ஊற்றி விழுங்குவேன்.

இதில் பெரிய பகிடி என்னவென்றால், நான் மெலிய மெலிய மூன்று பேரும் மருந்தைக் கூட்டினார்கள். "யோசினை உள்ளுக்கை இறங்கீட்டுது" என்று அக்கா இரண்டு நேரம் வல்லாரை கொண்டுவந்தார். வாத்தியாரம்மா திப்பிலியைக் கூட்டினார். ராத்தா போத்தலை நிரப்பினார். எனக்கு நடக்கும்போது கண் இருட்டும். கிணற்றில் வாளியை இழுத்துவிட்டுச் சிறிது நேரம் கட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். இது சாப்பாடு இல்லாத களை என்று ஒருநாளாவது எனக்குப் படவில்லை. வருத்தம் முற்றுகிறது என்றே நினைத்தேன். நானாக இருந்தபடியால் சொல்கிறேன், விசர் என்றால் அதுதான் விசர், சுத்தப் பைத்தியம்.

ஒருநாள் பின்னேரம் வீட்டுக்காரர் வயலால் வந்து கைகால் கழுவிவிட்டு என் பக்கத்தில் குந்தினார். என் கையைத் தூக்கிப் பார்த்தார். காப்பு முழங்கைவரை ஓடியது. அதை மெல்ல மணிக்கட்டுக்கு இறக்கிவிட்டார்.

"மழை விட்டு றோட்டுச் சரியானோடனை உம்மைக் கொண்டுபோய் அம்மாவிட்டை விடுறன். நெல்லு அருவி வெட்டு முடிய நானும் வந்திடுவன். காணியைத் திருப்பிக் குடுப்பம்" என்றார்.

நான் வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர், நீர் பக்கத்தில் இல்லாமல் இந்தக் காணியில் நான் என்னத்தை விதைக்கிறது என்று மட்டும் கேட்டுவிட்டு எழும்பிப் போனார். மாட்டுக்கு வைக்கோல் போடுவதுபோலக் கொட்டிலுக்குள் கனநேரம் நின்றார். நாங்கள் அப்போது மாடு வாங்கியிருக்கவில்லை. அன்றிரவு எனக்கு வந்த அழுகைக்கு மட்டும் காரணம் தெளிவாகத் தெரிந்தது.

மழை விடவில்லை. இரண்டொரு நாளில் குளம் முட்டி வான் பாயத் தொடங்கியது. குளம் நிரம்பியதும் மேலதிகத் தண்ணீர் வழிந்தோடுகிற இடத்தைத்தான் வான் என்கிறோம். அதன் இரைச்சல் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. விடிய எழும்பிப் பார்த்தால் வாய்க்கால் எது வயல் எது என்று தெரியாமல் ஒரே வெள்ளம். ஆண்கள் எல்லாரும் சாக்குகளையும் மண்வெட்டிகளையும் எடுத்துக்கொண்டு குளக்கட்டுக்குப் போய்விட்டார்கள். அந்தச் சுற்றுவட்டத்தில் எங்கள் வீடுதான் மேட்டில் இருந்தது. ஆகவே பள்ளக்காணிப் பெண்களும் பிள்ளைகளும் இங்கே வந்தார்கள்.

முதலில் அக்கா, தலையில் ஒரு கூடை கோழி, இடுப்பில் ஒரு பிள்ளை. பிறகு வாத்தியாரம்மா, கஞ்சி போட்ட சேலை முழங்கால்வரை சேறாக, ஒரு கையில் பித்தளைச் செம்பு, மறுகையில் அஞ்சறைப்பெட்டி. கடைசியில் ராத்தா, பிள்ளைகளின் தலையில் அரிசியும் பருப்பும் கருவாடும். கடைக்குள் தண்ணீர் வந்துவிட்டதாம், நனைவதற்கு முன் சமைத்துவிடுவோம் என்றார். கோழிகளை ஒரு மூலையில் கூடையால் கவிழ்த்து மூடி வைத்தோம். பிள்ளைகள் அறைக்குள் படுத்துருண்டு விளையாடினார்கள். மாரி தொடங்கிய பிறகு என் வீட்டுக்குள் இவ்வளவு சத்தம் அன்றைக்குத்தான்.

நாலு பேரும் சேர்ந்து சமைத்தோம். என்ன சமையல் என்கிறீர்கள்! கத்தரிக்காய்ப் பால்கறி, கருவாட்டுக் குழம்பு, பருப்பு, சொதி, முட்டைப் பொரியல். அக்காவின் கோழிகள் வெள்ளத்தைக் கண்ட பயத்திலும் முட்டையிட்டிருந்தன. அடுப்படியில் நின்ற எனக்கு அந்த மணத்தில் வாயூறியது. ஆனால் ஒரு சட்டியைப் பார்த்தால் அது அக்காவின் பத்தியம், அடுத்ததைப் பார்த்தால் அது வாத்தியாரம்மாவின் பத்தியம், மற்றது ராத்தாவின் பத்தியம். பிள்ளைகளுக்குக் கொடுத்து, மூன்று பேருக்கும் பரிமாறிவிட்டு, நான் ஒரு ஓரத்தில் வழக்கம்போலச் சோற்றுக்குள் தண்ணீரை ஊற்றிக்கொண்டு இருந்தேன். குனிந்து உப்பை எடுத்தபோது கண் இருட்டியது. தட்டு கையிலிருந்து நழுவி நிலத்தில் விழுந்தது. நானும் சுவரோடு சாய்ந்துபோனேன்.

கண்ணைத் திறந்தபோது ராத்தா என் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். மற்ற இருவரும் கொட்டுண்ட சோற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வெறும் சோறு, வெறும் தண்ணீர்.

ஏன் கறி போடவில்லை என்று ராத்தா கேட்டார். எனக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை. கத்தரிக்காயைக் காட்டி, நீங்கள்தானே வேண்டாமென்றீர்கள் என்றேன். அப்படியென்றால் பருப்பு? வாத்தியாரம்மா வேண்டாமென்றவர். குழம்பு? புளி, அக்கா வேண்டாமென்றவர். சொதி? அது நானாக விட்டது. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல மூன்று பேரின் முகமும் மாறியது.

எவ்வளவு நாளாக இப்படி என்று வாத்தியாரம்மா கேட்டார். மாரி தொடங்கிக் கொஞ்ச நாளிலிருந்து என்றேன்.

பிறகு தொடங்கியது பாருங்கள் சண்டை. வல்லாரை குளிர்ச்சி, அதை இந்த மழைக்குள் குடிக்கக் கொடுப்பாரா என்று வாத்தியாரம்மா. வேர்க்கொம்பையும் திப்பிலியையும் கொட்டிப் பிள்ளையின் குடலை வேகவைத்துவிட்டு எனக்குப் படிப்பிக்க வேண்டாம் என்று அக்கா. கோழிகளும் சேர்ந்து கத்தின. ராத்தா சத்தம் போடவில்லை. சட்டியை இழுத்து, ஒரு தட்டில் சோறு போட்டு, அதன்மேல் கத்தரிக்காய், கருவாட்டுக் குழம்பு, பருப்பு, சொதி, முட்டை எல்லாவற்றையும் குவித்துப் பிசைந்தார். ஒரு கவளத்தை உருட்டி என் வாயருகே கொண்டுவந்தார். நான் தலையை ஆட்டினேன். மருந்து முறிந்துவிடும் என்றேன்.

"மருந்து முறிஞ்சா முறியட்டும் புள்ள. நீ முறியக்கூடாது. வாயத் திற" என்றார்.

திறந்தேன். அந்தக் கருவாட்டின் உப்பும் புளியும் நாக்கில் பட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே விழுங்கினேன். சண்டை பிடித்துக்கொண்டிருந்த இருவரும் வாயை மூடிவிட்டுப் பக்கத்தில் வந்து குந்தினார்கள். அடுத்த கவளத்தை அக்கா உருட்டினார், அதற்கடுத்ததை வாத்தியாரம்மா. கலியாண வீட்டில் பொம்பிளைக்குத் தீத்துவதுபோல மூவரும் மாறி மாறித் தீத்தினார்கள்.

சாப்பிட்டு முடிந்து உடம்புக்குச் சூடு வந்த பிறகு நான் ஒரு சாதாரணக் கேள்விதான் கேட்டேன். வல்லாரை யோசினைக்கு நல்லது என்று உங்களுக்கு யார் சொன்னது என்று அக்காவைக் கேட்டேன். அவரிடமிருந்து வழக்கமான சிரிப்பு வரும், ஏதாவது பகிடி வரும் என்று நினைத்தேன். அக்கா மடியில் கிடந்த பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் குடிக்கிறனான்" என்றார். பிறகு, "போன மாரியிலை ஒருநாள் கிணத்துக்கட்டிலை ஏறி இருந்து தண்ணியைப் பாத்துக்கொண்டிருந்தனான், கனநேரம். கோழியள் கத்திச்சுது, தீன் போடேல்லை எண்டு. எழும்பி வந்திட்டன்" என்றார்.

நாலு வயல் தாண்டிக் கேட்கிற அந்தக் குரல் பக்கத்தில் இருந்த எங்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. வெளியே வான் இரைந்துகொண்டிருந்தது. நான் எத்தனை தரம் இந்தச் சிரிப்பைக் கேட்டு, கொடுத்துவைத்தவ என்று பொறாமைப்பட்டிருக்கிறேன்!

வாத்தியாரம்மா தன் சேலைத் தலைப்பின் சேற்றைக் கிள்ளிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார். வாத்தியார் பள்ளிக்கூடம் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுவாராம். பிள்ளைகள் வரும் நேரத்துக்கு வேர்க்கொம்புக் குடிநீரைக் காய்ச்சிக் குடிப்பாராம். "மூக்குச் சிவந்திருந்தாலும் காரத்தாலை எண்டு சொல்லலாமெல்லே" என்றார். அதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு அக்காவும் சிரித்தார். இந்த முறை நாலு வயல் தாண்டிக் கேட்டிருக்கும்.

ராத்தாவைப் பார்த்தோம். அவர் கடல் பக்கத்து ஆள். கடல் இரைச்சலில் உறங்கி வளர்ந்தவருக்கு இந்தக் காட்டில் நித்திரை வராதாம். கருஞ்சீரகத் தேன் போத்தல் தலைமாட்டில்தான் இருக்குமாம். எனக்குத் தந்தது அந்தப் போத்தலிலிருந்து பாதிதானாம். இன்றைக்கு வான் பாய்கிற சத்தம் ஊர்க் கடல் மாதிரி இருக்கிறது என்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மூன்று பேரும் எனக்காக மருந்து காய்ச்சவில்லை. தங்களுக்குக் காய்ச்சியதில் எனக்கும் ஒரு பங்கு கொண்டுவந்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தன் வீட்டுக்குள் இருந்துகொண்டு, இந்தப் பெரிய காட்டில் தனக்கு மட்டும்தான் இப்படி, மற்றவர்கள் எல்லாரும் நல்லாகத்தான் இருக்கிறார்கள் என்று நினைத்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பிறகு வாத்தியாரம்மா அஞ்சறைப்பெட்டியைத் திறந்தார். ஒரே பானையில் வேர்க்கொம்பும் மல்லியும் துளசியும் போட்டு அவித்து, ராத்தாவின் தேனை விட்டுக் குடித்தோம். வல்லாரையை அக்கா பச்சையாக அரிந்து தேங்காய்ப்பூவோடு சம்பலாக்கினார். அது மருந்தா சாப்பாடா என்று ஒருவரும் கேட்கவில்லை. பத்தியத்தைப் பற்றியும் ஒருவரும் மூச்சுவிடவில்லை.

பொழுதுபடும் நேரம் ஆண்கள் வந்தார்கள், தலையிலிருந்து கால்வரை சேறாக. குளக்கட்டுத் தப்பிவிட்டது. என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, குசினிக்குள் நாலு பெண்கள் அடுப்பைச் சுற்றி இருந்து ஏதோ பகிடிக்குச் சிரித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தார். அதில் ஒருத்தி தான் கட்டிய பெண்சாதி என்று பிடிபட அவருக்குக் கொஞ்ச நேரம் எடுத்ததாகப் பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பார்.

வெள்ளம் வடிந்து எல்லாரும் தங்கள் வீடுகளுக்குப் போன அன்று, றோட்டுச் சரியாகிவிட்டது, நாளைக்கு வெளிக்கிடுவோமா என்று கேட்டார். குரலில் ஒரு தளம்பலும் இல்லை. காணியை விட முடிவெடுத்துவிட்டார், அந்த முடிவில் எனக்கு நோகக்கூடாது என்றும் முடிவெடுத்திருந்தார். நான் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன்.

"நான் போனால் அவையள் மூண்டு பேரும் மருந்தை ஆருக்குக் குடுக்கிறது?" என்றேன்.

அவருக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆனால் பயணத்துக்கு இறக்கி வைத்திருந்த பெட்டியை எடுத்துப் பரணில் திரும்ப வைத்தார். பிறகு வெளியே போய், வெயில் எறிக்கத் தொடங்கியிருந்த காணியின் நாலு மூலைக்கும் ஒருதரம் நடந்துவிட்டு வந்தார்.

அதோடு யோசினை ஓடிப்போய்விட்டது என்று நான் கதை விடமாட்டேன். ஒவ்வொரு மாரியும் அது வந்தது. ஆனால் நாங்கள் ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டோம். வானம் இருண்டு கிடக்கிற நாளில் ஒருத்தியும் தன் வீட்டில் தனிய மருந்து காய்ச்சுவதில்லை. யாராவது ஒருவர் வீட்டுக் குசினியில் புகை கண்டால் மற்ற மூவரும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அங்கே போய்விடுவோம். அக்காவும் வாத்தியாரம்மாவும் கடைசிவரை வல்லாரையா வேர்க்கொம்பா என்று சண்டை பிடித்தார்கள். பிறகு காலம் எங்களைப் பிடுங்கித் திக்குத் திக்காக எறிந்தது. அவர்களில் ஒருவரும் இப்போது இல்லை. காணி இருக்கிறது.

போன மார்கழியில், பனி கொட்டுகிற தேசத்தில் இருக்கும் என் பெறாமகள் தொலைபேசியில் கதைத்தாள். அங்கே வெயிலே இல்லையாம், மனம் ஒரு மாதிரிக் கிடக்கிறதாம், டொக்டர் குளிசை தந்திருக்கிறாராம், எங்கள் ஊர் மூலிகை ஏதாவது இருந்தால் சொல்லச் சொன்னாள். டொக்டர் தந்ததை விடாதே, அவரைக் கேட்காமல் மூலிகை ஒன்றும் சேர்க்கவும் வேண்டாம், நேரத்துக்குச் சாப்பிடு என்றேன். பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன். யாரோ ஒரு வெள்ளைக்கார மனுசி, நெடுகச் சிரித்துக்கொண்டு திரியும் என்றாள். சிரிக்கிறதை நம்பாமல் ஒருநாள் போய்க் கதவைத் தட்டு என்றேன்.

அந்த மாரியில் என்னை எழுப்பி நிறுத்தியது வல்லாரையா, வேர்க்கொம்பா, கருஞ்சீரகமா, கருவாட்டுக் குழம்பா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஆனால் யாராவது ஒரு பேணியில் மருந்து கொண்டுவந்து என்னிடம் நீட்டினால், "நீங்களும் குடிக்கிறனீங்களோ?" என்று கேட்காமல் நான் அதைக் கையில் வாங்குவதில்லை.